குட்டைப் பலகை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் ஜூமில் கூடினோம். ஜெர்மனியில் நான்கு பேர், நெதர்லாந்தில் இருவர், சிங்கப்பூரில் மூவர், கலிஃபோர்னியாவில் இருவர். ஊர் என்றால் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், காவிரியின் கடைசிக் கிளைகள் கடலைத் தேடிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரு சின்னக் கிராமம். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையில் வருகிறவர்களை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும்.

கூட்டத்தின் நோக்கம் 'ஒருங்கிணைந்த கிராம மேம்பாடு'. இந்தச் சொற்றொடரை முதலில் யார் சொன்னார்கள் என்று நினைவில்லை, நானாகவே இருக்கலாம். எக்செல் அட்டவணை போட்டதும் நான்தான். பதினெட்டு வருடமாக வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைப்பவனுக்கு ஒரு பிரச்சினையைக் கண்டதும் கை தானாக அட்டவணைக்குத்தான் போகும். குளம் தூர்வாருதல், பள்ளிக்கூடக் கழிப்பறை, சோலார் மோட்டார், மாட்டுக் கொட்டகை, பெண்களுக்குத் தையல் பயிற்சி, ஒற்றை நாற்று நடவு, மண்வளத்துக்குத் தக்கைப்பூண்டு விதையும் மண்புழு உரமும். இருபத்தாறு வரிசைகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் செலவு, பொறுப்பாளர், கெடு. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் குடியிருக்கும் டார்ம்ஸ்டாட்டில்தான் 1803ஆம் ஆண்டு யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பிறந்தார். சாயப் பொருள்களும் மருந்துச் சரக்கும் விற்ற வணிகரின் மகன். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் வயலிலேயே அழுகியது. ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது லீபிக்குக்குப் பதின்மூன்று வயது. பின்னாளில் அவர் வேதியியலைக் கொண்டுபோய் வயலில் நிறுத்தியதற்கு அந்தப் பட்டினியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். பயிர் மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுத்து வளர்கிறது என்பதை 1840இல் அவர் எழுதிய நூல் உலகத்துக்குப் பரப்பியது. நம்மூர் உரக்கடை மூட்டைகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இவர் வாசலில் வந்து நிற்போம்.

அவர் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. கார்ல் ஸ்ப்ரெங்கெல் என்பவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தாலும் பெயர் லீபிக்குக்குப் போய்விட்டது. பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றவற்றை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. பிற்காலத்தவர்கள் இதை விளக்க ஒரு மரப்பீப்பாயைப் படம் போட்டார்கள். பீப்பாயின் பலகைகளில் ஒன்று மட்டும் குட்டை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் குட்டைப் பலகையின் உயரத்துக்குமேல் நிற்காது.

அந்தப் படத்தை எங்கள் இரண்டாவது கூட்டத்தில் திரையில் போட்டேன். ஊரை ஒரு பீப்பாயாகப் பார்ப்போம், எது குட்டைப் பலகை என்று கண்டுபிடிப்போம் என்றேன். பலத்த வரவேற்பு. ஒருவர் தண்ணீர் என்றார், ஒருவர் கல்வி என்றார், கலிஃபோர்னியாக்காரர் 'மனப்பான்மை' என்றார். பதினொரு பேரில் யாருமே ஊரில் விவசாயம் செய்யவில்லை. பதினொரு பேருமே ஊரில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். கீழத்தெருவிலிருந்து வெளிநாடு போனவர்களும் இருக்கிறார்கள். குவைத்தில் இரண்டு பேர், மலேசியாவில் ஒருவர். அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. வேண்டுமென்று விட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களுடைய எண் எங்களிடம் இல்லை.

ஒன்றரை வருடத்தில் பாதி வேலை நடந்தது. குளம் தூர்வாரியாயிற்று, கழிப்பறை கட்டியாயிற்று. விவசாயம் சார்ந்த வரிசைகள் மட்டும் ஒன்றும் தேறவில்லை. தக்கைப்பூண்டு விதை வாங்கிக் கொடுத்தோம்; இருபது பேர் வாங்கிப் போனார்கள், இரண்டு பேர்தான் விதைத்தார்கள். மண்புழு உரத் தொட்டிகளில் இப்போது ஆடு கட்டியிருக்கிறது. 'விழிப்புணர்வு இல்லை' என்று அட்டவணையில் குறிப்பு எழுதினோம். மேம்பாட்டு மொழியில் இது ஒரு சௌகரியமான சொல். தவறு எப்போதும் எதிராளியின் தலைக்குள் இருக்கும்.

எங்கள் நிலம் பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர். அதைப் பத்தொன்பது வருடமாகக் கீழத்தெருக்காரர் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். அப்பாவைவிட ஏழெட்டு வயதுதான் இளையவர். அப்பா அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்பாவை 'அய்யா' என்பார். என்னைச் 'சின்னய்யா' என்றுகொண்டிருந்தவரைக் கெஞ்சி ஒருவழியாகத் 'தம்பி'க்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவருக்குத்தான் போன் போட்டேன். "ஏண்ணே, விதை கொடுத்தோமே, ஏன் போடல?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதா மண்ணு நல்லாத்தான் வரும். ரெண்டு மூணு வருசத்துல தெரியும். அந்த ரெண்டு மூணு வருசம் வயல் என்கிட்ட இருக்குமா? பேரு நம்மளது இல்லையே."

பத்தொன்பது வருடம் செய்த வயலைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவன் நிலத்துக்காரனின் ஒரே மகன்.

ஊர்ப்பக்கம் தெரியாமல் வளர்ந்த இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டெல்டாவில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. தாள் கிடையாது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் முன்னால், 1955இலேயே, சாகுபடி செய்கிறவரைக் கண்டபடி வெளியேற்ற முடியாதபடி இன்னொரு சட்டம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெயர் பதிவாகிவிட்டால் அவரை அசைப்பது கடினம் என்று நிலத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஆகவே பதியவில்லை. பாதுகாக்க வந்த சட்டமே வாய்ப்பேச்சுக் குத்தகையை இறுக்கிவிட்டது.

பெயர் இல்லாததால் என்ன ஆகும்? 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் வயல் மூழ்கியது. விதை, உழவு, நடவுக்கூலி எல்லாம் அவர் போட்ட பணம். நிவாரணம் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது, ஏனென்றால் சிட்டாவில் அப்பா பெயர். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. அதில் பாதியை அவருக்குக் கொடுத்தார், அந்த வருடக் குத்தகையிலும் பாதியை விட்டுவிட்டார். இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார். அடுத்தவர் நட்டத்துக்கு வந்த பணத்தில் பாதியைக் கொடுத்தது எங்கள் வீட்டில் ஒரு தர்மக் கதையாக நிலைத்துவிட்டது.

சொசைட்டிக் கதை இதைவிட மோசம். சொசைட்டி என்று ஊரில் சொல்வது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை. அங்கே பயிர்க்கடன் வாங்கிக் குறித்த காலத்தில் கட்டினால் வட்டி கிடையாது. பயிர் செய்யாத அப்பாவின் பெயரில் பயிர்க்கடன் இருந்தது. பயிர் செய்தவர் நகையை அடகு வைத்தும் கைமாற்றாக வட்டிக்கு வாங்கியும் வயலில் போட்டார். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அந்த 16.43 லட்சத்தில் ஒருவர் என் அப்பா. வட்டிக்கு வாங்கியவரின் கடன் அப்படியே நின்றது.

இந்தச் சொசைட்டி நம்மூருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான், அது நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போகக்கூடிய ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1818இல் பிறந்தவர். வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் வையர்புஷ் என்ற ஊருக்கு மேயராக இருந்தபோது 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. ரொக்கத்துக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு வந்த அரசாங்க மாவைக் காசில்லாதவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார். பொது அடுப்பு கட்டி ரொட்டி சுடவைத்தார். பிறகு ஹெட்டெஸ்டார்ஃப் என்ற இடத்துக்கு மாறி, 1854இல் வசதியானவர்களைக் கூட்டி ஒரு தர்ம சங்கம் தொடங்கினார். அதன் வேலைத் திட்டத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கவனிப்பாரற்ற குழந்தைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை, நூலகம், ஏழை விவசாயிகளுக்கு மாடு, கடன். ஏறக்குறைய என் அட்டவணை!

பத்து வருடத்தில் அந்தச் சங்கம் நீர்த்துப்போனது. பணக்காரர்களுக்கு அலுத்துவிட்டது, ஒவ்வொரு வேலையாக உதிர்ந்து கடன் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. 1864இல் ரைஃபைசன் அதைக் கலைத்து வேறு மாதிரி கட்டினார். இனிக் கடன் வாங்குகிறவர்கள்தான் உறுப்பினர்கள். ஒருவர் கட்டாவிட்டால் எல்லோரும் தங்கள் சொத்தைக் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். நல்ல கிறிஸ்தவரான அவர் தர்மத்தின்மேல் நம்பிக்கை இழந்தார் என்று நான் நினைக்கவில்லை. நட்டம் யாரைச் சுடுமோ அவர் கையில் முடிவு இல்லாவிட்டால் எந்தச் சங்கமும் நிற்காது என்று அந்தப் பத்து வருடத்தில் கண்டுகொண்டார் என்றுதான் படுகிறது.

1892இல் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கிராமக் கடன் முறைகளைப் படித்துவர நியமித்தது. 1895இலும் 1897இலும் அவர் கொடுத்த இரண்டு பெரிய தொகுதிகளின் சாரம், இங்கும் ஒரு ரைஃபைசனைத் தேடுங்கள் என்பதுதான். 1904இல் சட்டம் வந்தது. அதே வருடம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. ரைஃபைசனைத் தேடச் சொன்னார் நிக்கல்சன். அரசாங்கம் ஒரு பதிவாளரை நியமித்தது. அன்றிலிருந்து சங்கம் அரசாங்கத்தின் ஒரு ஜன்னல் ஆனது. அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்க நிலத்தின் தாள் வேண்டும். வெஸ்டர்வால்டிலிருந்து கிளம்பிய யோசனை எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் நட்டத்தைச் சுமக்கிறவர் வெளியே நின்றார். நாங்கள் உள்ளே இருந்தோம்.

குட்டைப் பலகை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரும் கல்வியும் 'மனப்பான்மை'யும் அல்ல, நாங்கள். இன்னும் துல்லியமாக, ஆறு ஏக்கர் அளவுக்கு நான்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. கொடுப்பது எனக்குச் சுலபம். அந்த ஒன்றரை வருடத்தில் இரண்டாயிரம் யூரோவுக்குமேல் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் ஒரு சட்டைகூடக் குறையவில்லை. விட்டுக்கொடுப்பது வேறு. கொடுக்கும்போது நான் பெரிய மனிதனாகிறேன், விட்டுக்கொடுத்தால் அதே அளவுக்குச் சின்னவனாகிறேன். நம் புலம்பெயர் வாழ்வில் ஊருக்குச் செய்வதாக நாம் பேசுவதெல்லாம் முதல் வகை. கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்குக் கணினி, எங்கள் குளம். ஊரில் இருக்கும் எதையும் நாம் அங்கிருந்து அகற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயது. தனியார் வேலையில் இருந்தவர், ஓய்வூதியம் கிடையாது. "நீ பணம் அனுப்புற, சரி. நாளைக்கு உனக்கு வேலை போச்சுன்னா? நிலம் போகாது" என்றார். நியாயமான பயம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு முப்பத்தாறு மூட்டை நெல். ரூபாயில் ஐம்பதாயிரத்தைத் தொட்டுப் போகும். யூரோவில் ஐந்நூறு சொச்சம். டார்ம்ஸ்டாட்டில் என் வீட்டு வாடகையில் பாதிகூட வராது. இந்த ஐந்நூறு யூரோவுக்காக ஒரு மனிதர் பத்தொன்பது வருடமாக அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச முடியாமல் இருக்கிறார். அப்பா காப்பாற்றுவது வருமானத்தை என்றால் நான் அதை இரட்டிப்பாகக் கொடுத்துவிடலாம். 'வாடா' என்று கூப்பிடும் உரிமையை என்றால் என்னிடம் மாற்றுப் பணம் இல்லை.

கீழ்வெண்மணி எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட தகராறின் முடிவில் நாற்பத்து நான்கு பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்திக்குப் பிறகு அங்கே வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். அவர்கள் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலத்துக்காரர்களோடு விலை பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஒவ்வொரு ஏக்கராக வாங்கிக் கொடுத்தது. பட்டா பெண்கள் பெயரில். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வீடு, செங்கல் சூளை, தையல் என்று மற்றவை கூடவே வந்தன. என் அட்டவணையில் இருந்தவைதான். வரிசை எண் ஒன்றாக நிலம் இருந்தது மட்டும் வித்தியாசம்.

ஒரு முறை அப்பாவிடம் வெண்மணியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருந்திருக்கும். "கேள்விப்பட்டோம்" என்றார். அதோடு சரி.

'அப்படியானால் திரும்பிப் போய்விடு' என்று இதைப் படிப்பவர்கள் சொல்லலாம். போனவர்கள் இருக்கிறார்கள். குத்தம்பாக்கத்தில் ரங்கசாமி இளங்கோ வேதியியல் பொறியியல் படித்து, பார்த்த வேலையை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். அவர் தன் நட்டத்தை ஊரோடு வைத்துக்கொண்டார். நான் திரும்பப் போவதில்லை. என் மகளுக்குப் பதினான்கு வயது, இங்கே பிறந்தவள், அவளுடைய ஊர் இது. திரும்பாதவன் ஊருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் பணம் அனுப்புவது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் அங்கே இல்லாமலே அங்கே அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் காலி செய்வது என்று இப்போது நினைக்கிறேன். நினைப்பது மட்டும்தான், செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

டார்ம்ஸ்டாட்டை அடுத்த கிரீஸ்ஹைமில் மணல் பாங்கான நிலம், ஸ்பார்கல் எனப்படும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் குருத்து விளையும். ஏப்ரல் வந்தால் சைக்கிளில் போய் வயலோரக் கடையில் வாங்கிவருவோம். அந்த விவசாயியிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். நிலத்தில் பெரும்பகுதி குத்தகைதான் என்றார். ஜெர்மனியில் பயிராகும் நிலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு குத்தகை நிலம் என்று பிறகு படித்தேன். அவருடைய நிலத்துக்காரர்களில் சிலரை அவர் பார்த்ததே இல்லை. எங்கோ நகரங்களில் இருக்கும் வாரிசுகள், என்னைப் போல. ஆனால் பன்னிரண்டு வருட ஒப்பந்தம், எழுத்தில். "ஸ்பார்கல் நட்டால் மூன்றாம் வருடம்தான் ஒழுங்காக அறுக்க முடியும்" என்றார். "தாள் இல்லாமல் எந்த மடையன் நடுவான்?" அவர் வயலில் குனிந்து அறுப்பவர்கள் ருமேனியாவிலிருந்து வருகிறவர்கள், அவர்களுடைய தாளைப் பற்றி நான் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குத்தகைப் பதிவு விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். அப்பா கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். மடித்துப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்தார். நாற்காலி போட்டேன். விளிம்பில் உட்கார்ந்தார். அப்பா உள்ளே போய்விட்டார். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யா இருக்குற வரைக்கும் வேணாம் தம்பி. அவருக்குச் சங்கடமாப் போயிரும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. இதை எழுதக் காரணமே அந்த நிம்மதிதான். நட்டம் பட்டவர் எனக்கு அவகாசம் கொடுத்தார்; நான் அதைப் பிச்சை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவருடைய பெருந்தன்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவர் வேறொன்று கேட்டார். வரப்போரமாக எட்டுத் தென்னம்பிள்ளை வைத்துக்கொள்ளட்டுமா என்று. குத்தகைக்காரன் மரம் வைத்தால் உரிமை கொண்டாடுவான் என்று எங்கள் பக்கத்தில் விடமாட்டார்கள், அப்பாவும் விட்டதில்லை. "வைங்கண்ணே" என்றேன்.

மாசியில் வைத்துவிட்டார். போட்டோ அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் அப்பா போன் செய்தார். "யாரக் கேட்டு வச்சான்?" "நான்தாம்பா சொன்னேன்" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, இங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். விண்ணப்பம் இன்னும் பஞ்சாங்கத்துக்கு அடியில்தான் இருக்கிறதாம்; அம்மா சொன்னார்.

அட்டவணையில் இருபத்தேழாவது வரிசை ஒன்றைச் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினேன்: 'நம் ஒவ்வொருவர் குடும்பத்தின் குத்தகை நிலம், செய்கிறவர் பெயர், பதிவு உண்டா இல்லையா.' இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். ஒருவர் குழுவை விட்டு விலகினார். மற்றவர்கள் அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டிருக்கிறார்கள்.